பெரிய கவட்டையில் உட்கார மறுத்த மந்தி

சத்தியம்! என் வாயில் மிச்சம் இருக்கிற பற்கள் அத்தனையின் மேலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளைக் காலை நான் குடிக்கும் காபி உப்பாகிப் போகட்டும்!

ஒரு காட்டில் குளத்தங்கரை ஆலமரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் அகலமான பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் அத்திமரங்கள். கோடையில் குளம் வற்றியதும் கூட்டம் ஆலமரத்தின் கடைசிக் கிளையிலிருந்து ஒரே தாவாகத் தாவி அத்திமரத்தைப் பிடிக்கும். அங்கே ஊற்றுத் தண்ணீர் உண்டு, பழம் உண்டு, நிழல் உண்டு. மழை பிடித்ததும் கூட்டம் ஆலமரத்துக்கே திரும்பிவிடும்.

தாவ முடியாதவர்கள் இந்தக் கரையிலேயே நின்றுவிட வேண்டியதுதான். பள்ளத்தில் ஒரு சிறுத்தை படுத்திருக்கும். அது மரத்தில் ஏறாது. ஏறினால் குரங்குகள் நுனிக்கிளைக்கு ஓடிவிடும் என்று அதற்குத் தெரியும். சும்மா காத்திருந்தால் போதும், தாகமே அவர்களைக் கீழே இறக்கிவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது காதோரம் மயிர் வெளுத்தால் அவரை மரத்தில் கிளைகள் பிரியும் பெரிய கவட்டையில் உட்கார வைப்பார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு கொட்டையைக்கூட உடைக்க வேண்டாம். சின்னவர்கள் பழத்தைக் கொண்டுவந்து வாயிலேயே வைப்பார்கள். ஒருவர் பேன் பார்ப்பார். இன்னொருவர் முதுகு சொறிவார். கவட்டையில் இருப்பவர் தன் முதுகைத் தானே சொறிந்துகொண்டால் மொத்தக் கூட்டத்துக்கும் அவமானம்!

ஒரு நாள் சிலுப்பி என்ற மந்திக்குக் காதோரம் ஒரு வெள்ளை மயிர் தெரிந்தது.

"அடியே சிலுப்பி! உனக்கும் நரை வந்தாச்சு! ஏறு கவட்டைக்கு!" என்று எல்லோரும் கூத்தாடினார்கள்.

கவட்டையில் ஏற்கெனவே மொந்தையன் உட்கார்ந்திருந்தான். சிலுப்பியின் பெரியம்மா மகன். இருவரும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவர்கள். போன கோடை முடிந்த கையோடு அவனுக்கு நரை வந்துவிட்டது.

"வா தங்கச்சி, வா!" என்றான் அவன், வாய் நிறையப் பழத்தோடு. "இங்கே உட்கார்ந்தா சொர்க்கம்! ஏய் பொடியா, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சொறி!"

சிலுப்பி ஏறவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். எதையாவது பார்த்தால் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது.

"கவட்டையில உட்கார்ந்தவங்க யாராவது அதுக்கப்புறம் அக்கரைக்கு வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"அது எப்படி வருவாங்க? வயசாச்சுல்ல!" என்றார்கள்.

"ஆனா அதுக்கு முந்தின கோடையில அவங்க எல்லாரும் தாவினவங்கதானே? ஒரே வருஷத்துல அவ்வளவு வயசா ஆயிடும்?"

ஒரு முரட்டுக் கடுவன் குரங்கு, "பெரியவங்க வச்ச மரியாதையைக் கேள்வி கேட்குது பாரு கழுதை!" என்றது. குரங்கைக் கழுதை என்று திட்டுவது அந்தக் கூட்டத்தில் சாதாரணம்.

"கோடை வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க. விசாரிச்சுட்டு வந்து உட்கார்றேன்" என்று சொல்லிவிட்டு சிலுப்பி இறங்கி நடந்தாள்.

முதலில் குளத்து ஆமையிடம் போனாள். காட்டிலேயே அதிக நாள் வாழ்பவர் அவர்தான்.

"ஆமையாரே! இவ்வளவு காலம் எப்படி இருக்கீங்க?"

"சேறு!" என்றார் ஆமை. "காலையில சேத்துக்குள்ள புதைஞ்சு கண்ணை மூடிக்கணும். அசையவே கூடாது. வேற ஒண்ணும் இல்லை!"

சிலுப்பி போய்ச் சேற்றில் படுத்தாள். ஒரு நண்டு அவள் வாலைக் கவ்வியது. அவள் போட்ட அலறலில் கொக்குகள் எல்லாம் பறந்துபோயின. ஆனாலும் விடாமல் மறுநாளும் படுத்தாள். அதற்கடுத்த நாள் படுத்திருக்கும்போது ஒரு கேள்வி தோன்றியது.

"ஆமையாரே, உங்க கூடப் பிறந்தவங்க எங்கே?"

"முக்கால்வாசிப் பேர் குட்டியிலேயே போயிட்டாங்க."

"அவங்க சேத்துல படுக்கலையா?"

ஆமை கழுத்தை நீட்டினார். "படுத்தாங்களே! எல்லாரும் ஒரே சேத்துலதான் படுத்தோம்!"

"அப்ப சேறு காரணம் இல்லை!"

"அட ஆமாம்! இத்தனை வருஷமா எனக்கு இது தோணவே இல்லையே!" என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சேற்றைக் கழுவிக்கொண்டு சிலுப்பி திரும்பினாள்.

அப்போது ஆலமரத்தடியில் ஒரு நரி கடை விரித்திருந்தது. தேக்கிலையில் கறுப்பாக எதையோ உருட்டி வைத்திருந்தது.

"இளமை லேகியம்! இளமை லேகியம்! தின்றால் கிழவன் குமரனாவான்!" என்று நரி கூவியது. "அந்த அணிலைப் பாருங்கள்! என் லேகியம் தின்றவன்! எப்படிப் பறக்கிறான்!"

"லேகியம் தின்கிறதுக்கு முன்னாடி அணில் நொண்டிக்கிட்டா இருந்துச்சு?" என்று கேட்டாள் சிலுப்பி.

நரி அவளை ஒரு பார்வை பார்த்தது. "உனக்கு நம்பிக்கை இல்லை அம்மா. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு லேகியம் வேலை செய்யாது."

"சரி, லேகியத்துக்கு நாங்க என்ன குடுக்கணும்?"

"ஒன்றும் வேண்டாம்! சேவை!" என்று நரி கண்களை மூடிக் கைகூப்பியது. லேகியத்தைவிட இந்தப் பதிலைக் கேட்டுத்தான் சிலுப்பி இரண்டடி தள்ளி நின்றாள்.

மொந்தையன் ஓர் உருண்டையை வாயில் போட்டுப் பார்த்தான். தேனும் இலுப்பைப் பூவுமாக இனித்தது. "ஆகா! வைத்தியரே, தினம் இரண்டு அனுப்பும்!" என்றான்.

அந்த நேரத்தில் ஒருத்தி மரத்தின் உச்சியிலிருந்து கரகரவென்று இறங்கி, எல்லோரையும் ஒரு தடவை திட்டிவிட்டு, மறுபடி ஏறிப் போனாள். அவள் பெயர் வெடுக்கி. அந்தக் கூட்டத்திலேயே வயதில் மூத்தவள். காதென்ன, உடம்பு முழுக்க நரை. முன்பு அவளைக் கவட்டையில் உட்கார வைத்தபோது பேன் பார்க்க வந்தவர்களை எல்லாம் கடித்து வைத்தாள் என்று இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு மரியாதை கிடையாது. பழம் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் கிடையாது. ஆனால் கோடை தவறாமல் அக்கரைக்குத் தாவிவிடுவாள்.

"பொல்லாதவளுக்குச் சாவு ஏதுடி!" என்பார்கள் எல்லோரும்.

சிலுப்பி தலையைச் சொறிந்தாள். மொந்தையனுக்கு முன்னால் கவட்டையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அங்கே நிலைக்காத ஒருத்தி மட்டும் இருக்கிறாள். இது எப்படி இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை?

அவள் உச்சிக்கிளைக்குப் போனாள். "வெடுக்கி அக்கா, உங்க ரகசியம் என்ன?"

"கோபம்!" என்றாள் வெடுக்கி. "தினம் நாலு பேரைத் திட்டணும். அப்பத்தான் ரத்தம் ஓடும். இப்ப நீ கிளம்பு!"

சிலுப்பி அதையும் விட்டுவைக்கவில்லை. குளத்தங்கரை மணலுக்குப் போய், ஒரே இடத்திலிருந்து தாவி, விழுந்த இடத்தில் ஒரு குச்சி நட்டாள். பிறகு சில நாட்கள் பார்த்தவர்களை எல்லாம் திட்டித் தீர்த்தாள். மறுபடி தாவினாள். குச்சியைத் தாண்டவில்லை. கண்ட பலன், இரண்டு நண்பர்கள் அவளோடு பேச்சை நிறுத்தியதுதான்.

"அக்காவுக்கே தன் ரகசியம் தெரியலை!" என்று சிரித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வெடுக்கி சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டு, வெடுக்கி செய்வதைப் பார்த்தாள். பொழுது விடிந்ததும் வெடுக்கி உச்சிக்கு ஏறினாள், இறங்கினாள், கிழங்கு தோண்டினாள். இனிப்பான பழத்தைச் சின்னவர்கள் பறித்துக்கொண்டு போய்விட்டதால் கொழுந்து, காய், பட்டை, பூச்சி என்று கிடைத்ததைத் தின்றாள். வயிறு முட்டத் தின்ன அவளுக்கு வழியே இல்லை. பொழுது சாய்ந்ததும் தூங்கிப் போனாள்.

எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? சிலுப்பி ஒவ்வொன்றாக மாற்றினாள். முதலில் ஏறி இறங்கினாள். கொஞ்ச நாளில் குச்சியைத் தாண்டி விழுந்தாள்! புதுக் குச்சி நட்டாள். பிறகு சாப்பாட்டை மாற்றினாள். மூச்சு வாங்குவது குறைந்தது. பிறகு நேரத்தோடு தூங்கினாள். காலையில் மூட்டு முனகவில்லை. நரை மட்டும் வந்த வழியே திரும்பவில்லை. போகட்டும், நரையா தாவப்போகிறது?

மொந்தையனையும் மணலுக்கு இழுத்து வந்து தாவச் சொன்னாள். அவன் குச்சி முதல் தடவை அவள் குச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த தடவை பின்னால் போயிருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் பின்னால்.

"மணல் சரியில்லை!" என்றான். "யாரோ குச்சியை நகர்த்திட்டாங்க!" என்றான். கடைசியில், "இதெல்லாம் கவட்டையில இருக்கிறவன் செய்யற வேலையா?" என்று கோபித்துக்கொண்டு, நான்கு பேர் தூக்கிவிட மரமேறினான்.

"உருண்டையை மூன்றாக்கி விடலாம்" என்றது நரி.

கோடை வந்தது. குளம் வற்றியது. கூட்டம் கடைசிக் கிளைக்கு வந்து ஒவ்வொருவராகத் தாவியது. வெடுக்கி எல்லோரையும் திட்டிக்கொண்டே தாவினாள். சிலுப்பியும் கண்ணை மூடாமல் தாவினாள். அத்திக்கிளை கைக்குச் சிக்கியது!

மொந்தையன் கிளை நுனிக்கு வந்தான். கீழே பார்த்தான். அவன் வயிறு கிளையில் உரசியது. மெல்லப் பின்வாங்கி, போய்க் கவட்டையில் உட்கார்ந்தான். வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். அதைப் பார்க்கச் சிலுப்பிக்குத் தாங்கவில்லை.

பின்தங்கியவரை நோக்கி அக்கரையிலிருந்து ஒரு பழத்தை எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது அவர்கள் வழக்கம். முரட்டுக் கடுவன் அழுதுகொண்டே ஒரு பழத்தை ஓங்கியது. சிலுப்பி அதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! அது அவனுக்குக் கடைசிப் பழம்!"

"அவனுக்குப் பழம் குடுத்தது போதும்!" என்று சொல்லி, வந்த வழியே திரும்பித் தாவினாள். அந்தக் கூட்டத்தில் நரைத்த ஒருத்தி ஒரே நாளில் இரண்டு தடவை தாவியதை அன்றுவரை யாரும் கண்டதில்லை.

"முட்டாளே! அந்த மரத்து மேல்பொந்துல மழைத்தண்ணி கிடக்கு! கொஞ்ச நாளைக்கு வரும்!" என்று அக்கரையிலிருந்து வெடுக்கி கத்தினாள்.

சிலுப்பி மொந்தையன் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, தாகமா?"

"ஆமாம் தங்கச்சி. கொஞ்சம் கொண்டாயேன்."

"உச்சியில இருக்கு. நீயே ஏறிக் குடி."

"நான் கிழவன்டி!"

"நானும்தான் கிழவி! ஏறு!"

அவன் அழுதான், கெஞ்சினான், திட்டினான். தாகம் தாங்காமல் ஏறினான். பாதியில் மூச்சு வாங்கி ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு நின்றான். சிலுப்பியும் பக்கத்தில் நின்றாள். தள்ளிவிடவும் இல்லை, தூக்கிவிடவும் இல்லை. மறுநாள் முந்தின நாளைவிட ஒரு கிளை அதிகம் ஏறினான். பசிக்குக் கசப்புக் கொழுந்துதான். "உன் சாப்பாட்டுக்குச் சிறுத்தையே மேல்!" என்று துப்பினான். ஆனால் தின்றான். முதுகு அரித்தபோது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானே சொறிந்துகொண்டான். சுகமாகத்தான் இருந்தது!

பொந்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் கீழே பேச்சுக் குரல் கேட்டது.

"என்னய்யா வைத்தியரே, இன்னும் இறங்கி வரக் காணோம்?" என்றது சிறுத்தை.

"இன்னும் கொஞ்சம் பொறுங்கள் துரை! தேனும் இலுப்பைப் பூவுமாக ஊட்டி வளர்த்திருக்கிறேன்! எலும்பை மட்டும் எனக்குப் போடுங்கள், போதும்!" என்றது நரி.

மொந்தையனுக்கு வாய் பிளந்துவிட்டது. "அட நாசமாப் போறவனே! என்னைக் குமரனாக்கினியா, குழம்பாக்கினியா?"

அன்று மத்தியானமே அவன் கிளை நுனிக்கு வந்தான். வயிறு கிளையில் உரசவில்லை.

"முதல்ல நீ போ தங்கச்சி. நீ பக்கத்துல நின்னா எனக்குப் பயமா இருக்கு."

சிலுப்பி தாவினாள். மொந்தையன் ஓடி வந்தான், உதைத்தான், பறந்தான். ஒரு கை அத்திக்கிளையைப் பிடித்தது. இன்னொரு கை நழுவியது. கீழே சிறுத்தை எழுந்து நின்றது.

"ஏறுடா தடியா! எனக்குத் திட்ட ஆள் இல்லாமப் போயிடும்!" என்று வெடுக்கி கிளைமேல் நின்று அலறினாள். மொந்தையன் பல்லைக் கடித்துக்கொண்டு, பொந்துக்கு ஏறி ஏறி முறுக்கேறிய அந்த ஒற்றைக் கையால் தன்னை மேலே இழுத்துக்கொண்டான்.

சின்னவர்கள் ஓடிவந்து அவன் வாயில் பழத்தை வைக்கப் போனார்கள். "எடுங்கடா கையை!" என்று மொந்தையன் உறுமினான். "பழம் எந்தக் கிளையில இருக்குன்னு மட்டும் சொல்லுங்க!" அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் நரைத்தவர்களுக்கு மரியாதை இதுதான்: உச்சிக்கிளையின் முதல் பழம் அவர்களுக்கு. ஆனால் அவர்களேதான் ஏறிப் பறிக்க வேண்டும்.

பள்ளத்தில் சிறுத்தை மெல்லத் தலையைத் திருப்பியது. "வைத்தியரே, உருட்டும்போதெல்லாம் நீரும் கொஞ்சம் நக்கியிருக்கிறீர் போலிருக்கிறதே! நன்றாகத்தான் கொழுத்திருக்கிறீர்!"

நரி லேகியத்தையும் தேக்கிலையையும் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது. எவ்வளவு தூரம் ஓடியதோ, யாருக்கும் தெரியாது. அந்தக் காட்டில் அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

வயது ஏறுவதை யாராலும் நிறுத்த முடியாது, ஆனால் எது நமக்கு நல்லது என்று சோதித்துப் பார்த்து, கைகாலுக்கு உரிய வேலையை நாள்தோறும் கொடுப்பவர்களுக்கு முதுமை பாரமாவதில்லை.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். என் வீட்டில் தெரிந்தால் நாளை முதல் தண்ணீர்ச் செம்பைக்கூட நானே எழுந்து போய் எடுக்க வேண்டியிருக்கும்!