பொறு என்று சொன்ன முட்டை

தூத்துக்குடியில் ஒரு மாடி வீட்டில், மீன் கம்பெனி கழித்துப்போட்ட தெர்மாகோல் பெட்டிக்குள், ஒரு காலத்தில் பன்னிரண்டு காடை முட்டைகள் இருந்தன.

பெட்டியைத் தயார் செய்தவள் ஜெனோவா. மூடியில் துளை போட்டு நாற்பது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் வைத்தாள். அவள் புருஷன் செல்வின் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். பகலெல்லாம் குளிரில் நின்றுவிட்டு வந்து, பெட்டியின் மேல் கை வைத்துக் காய்ந்தபடி கேட்டான்.

"வளக்கவா, வறுக்கவா?"

"வளக்கத்தான். ஒரு குஞ்சு மேல கை வச்சீங்க, அப்புறம் வீட்டுல சோறு கிடையாது."

அவள் சிரித்தாலும் உள்ளுக்குள் பயம் இருந்தது. போன தடவை வைத்தவை ஒன்றும் பொரியவில்லை. ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போய் எல்லாம் வீணாயின. அவற்றைத் தூக்கிப் போட்ட பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தத் தடவை ஏரலில் காடைப் பண்ணை வைத்திருக்கும் ஜெபமணி அண்ணனிடம் கேட்டுக் கேட்டு எல்லாம் செய்தாள். தினம் மூன்று முறை முட்டைகளைப் புரட்டிவிட்டாள்.

ஏழாம் நாள் மத்தியானம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சின்மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தாள். பதினோரு முட்டைகள் மங்கலாக, உள்ளே கலங்கிய சிவப்பாக இருந்தன. ஒன்று மட்டும் சின்ன விளக்குபோல ஒளிர்ந்தது.

"ஏங்க, இங்க பாருங்களேன். இதுதான் நல்ல முட்டைபோல. எப்படிப் பளிச்சுன்னு இருக்கு!"

செல்வினுக்கும் அதைப் பற்றித் தெரியாது. "ஆமா, அழகா இருக்கு" என்றான்.

அவள் பென்சிலால் அதன்மேல் ஒரு நட்சத்திரம் வரைந்து, பல்புக்கு நேர் கீழே நடுவில் வைத்தாள்.

பதினைந்தாம் நாளிலிருந்து முட்டைகளைப் புரட்டக் கூடாது என்று ஜெபமணி சொல்லியிருந்தார். அன்றுதான் அவை பேசத் தொடங்கின. ஓட்டுக்குள்ளிருந்து டிக் என்று ஒரு தட்டு. அதுதான் அவற்றின் பேச்சு.

"நான் இருக்கிறேன்" என்றது மூலையில் இருந்த முட்டை.

"நானும் இருக்கிறேன்" என்றது பக்கத்து முட்டை. இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லின.

"இருக்கிறேன்" என்று கடைசியாக நடுவிலிருந்தும் ஒரு குரல் வந்தது. அது மற்றக் குரல்களைப்போல மூச்சு வாங்கவில்லை. நடுங்கவும் இல்லை.

"நட்சத்திரம் பேசுகிறது!" என்று எல்லா முட்டைகளும் சிலிர்த்தன.

"அன்றைக்கு அந்த வெளிச்சம் வந்தபோது எனக்குக் கண் கூசியது. உனக்கு?" என்று கேட்டது ஒரு முட்டை.

"எனக்குக் கூசவில்லை. அது என் வழியாகவே போய்விட்டது."

அதற்குப் பிறகு வேறு யார் சொல்லையும் அவை கேட்கவில்லை.

பதினேழாம் நாள் மூலைமுட்டை சொன்னது: "எனக்கு இங்கே இடம் போதவில்லை. போவோமா?"

"போவோம்" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன.

"பொறு" என்றது நட்சத்திரம்.

எல்லாம் நின்றன.

ஜெனோவா பெட்டியில் காதை வைத்தாள். டிக் என்று ஒரு சத்தம். உடனே மயான அமைதி. பிறகு நாலைந்து தட்டுகள் தயங்கித் தயங்கி எழும். மறுபடி அந்த ஒற்றை டிக். மறுபடி அமைதி. ஜெபமணிக்குப் போன் போட்டாள்.

"பதினேழு நாளும்மா. மிஞ்சிப்போனா பதினெட்டு. உள்ள சத்தம் கேக்குதா?"

"கேக்குதுண்ணே. ஆனா ஒண்ணு தட்டுது, உடனே மத்ததெல்லாம் நின்னுடுது."

"நின்னுடுதா? நான் அப்படிக் கேட்டதே இல்லையேம்மா. சரி, நீங்களா எதையும் உடைச்சிராதீங்க. ரத்தம் வந்து செத்துப்போகும்."

பெட்டிக்குள் காற்று வெதுவெதுப்பாகவே இருந்தது. ஓடுகளுக்குள் மட்டும் அது தீர்ந்துகொண்டிருந்தது.

"பல்பே, நட்சத்திரம் சொல்வது சரிதானா?" என்று ஒரு முட்டை கேட்டது.

"எனக்குச் சூடு கொடுக்கத்தான் தெரியும். அதை வாங்கிக்கொள்கிறவர் யார் என்று நான் பார்த்ததில்லை" என்றது பல்பு.

பதினெட்டாம் நாள் காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்து முட்டை பேசவில்லை. எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தன. பதில் இல்லை.

"அதற்கு என்ன ஆயிற்று?" என்றது மூலைமுட்டை.

"அது பொறுக்கக் கற்றுக்கொண்டது" என்றது நட்சத்திரம்.

மற்ற முட்டைகளுக்கு அதன்மேல் மரியாதை வந்தது. அன்று சாயங்காலம் இன்னொன்றும் பொறுக்கக் கற்றுக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மூலைமுட்டையின் குரல் கம்மிப்போயிருந்தது. "நட்சத்திரமே, கோபித்துக்கொள்ளாதே. உனக்கு மூச்சு முட்டவில்லையா?"

"இல்லை."

"பசிக்கவில்லையா?"

"எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன். பொறு."

"கால் மடங்கியே கிடந்து வலிக்கவில்லையா?"

நட்சத்திரம் சற்று யோசித்தது.

"கால் என்றால் என்ன?"

பெட்டிக்குள் ஒரு தட்டும் எழவில்லை. பல்பின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது.

அப்போது மூலைமுட்டை தன் அலகை உயர்த்தி, மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, ஓட்டைக் கொத்தியது.

"ஏங்க! விரிசல் விட்டுருச்சு!" என்று ஜெனோவா போட்ட சத்தத்தில், அன்று வேலைக்குப் போகாத செல்வின் தட்டில் கை கழுவாமலே எழுந்து ஓடி வந்தான். கட்டைவிரல் பருமனில் ஒரு குஞ்சு ஈரத்தோடு வந்து விழுந்தது. விழுந்ததும் கத்தியது. "வாருங்கள்! வெளியே இடம் இருக்கிறது!"

ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகள் திறந்தன. மாலை ஐந்து மணிக்குள் எட்டுக் குஞ்சுகள். அவை தடுமாறி ஓடியதில் நட்சத்திர முட்டை அங்குமிங்கும் உருண்டது. உருளும்போதும் "பொறு, பொறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை.

ஜெனோவா அதிலிருந்துதான் எல்லாவற்றையும்விட நல்ல குஞ்சு வரும் என்று காத்திருந்தாள். கையில் எடுத்தாள். கனமே இல்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள். கலங்கிய மஞ்சள் நீர் வழிந்து நாற்றம் அடித்தது. ஒரு நரம்புகூட இல்லை.

"கூமுட்டை, ஜெனோ" என்றான் செல்வின்.

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே" என்றாள் அவள். "அப்ப இத்தனை நாளாத் தட்டினது யாரு?"

அந்தக் கணத்தில் பெட்டிக்குள் டிக் என்று கேட்டது. அதே ஒற்றைத் தட்டு.

மிச்சமிருந்த மூன்று முட்டைகளில் இரண்டு ஓய்ந்துவிட்டவை. மூன்றாவதிலிருந்துதான் அது வந்தது. "பொறு" என்றது அது. நட்சத்திரத்தின் குரல் அப்படியே இருந்தது. அதே நிதானம், நடுக்கமே இல்லை.

மூலைக்குஞ்சு தள்ளாடிப் போய் அதன் ஓட்டின்மேல் சாய்ந்தது. "வெளியே வா."

"நட்சத்திரம் பொறுக்கச் சொன்னது."

"அது உடைந்துவிட்டது. உள்ளே யாருமே இல்லை."

"யாருமில்லையென்றால் பொறு பொறு என்று இப்போது சொல்கிறது யார்?"

"நீதான்" என்றது மூலைக்குஞ்சு.

பிறகு அலகு ஓட்டை உரசும் ஒலி கேட்டது. ஒரு முறை. இன்னொரு முறை.

ஜெனோவா அந்த முட்டையை எடுத்துக் காதோரம் வைத்தாள். "உயிர் இருக்குங்க. உரசுது. ஊசியால லேசா ஒரு துளை போட்டுவிடட்டுமா? மூச்சாவது விடும்."

செல்வின் அவள் கையைப் பிடித்தான். "கொஞ்சம் பொறு, ஜெனோ. அண்ணன் சொன்னாருல்ல, நாமளா உடைச்சா செத்துப்போகும்னு."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் உள்ளே இருந்ததற்கு அதில் ஒரு சொல்தான் புரிந்தது. வெளியே இருந்து, பெரிய குரலில், முதல் முறையாக.

உரசல் நின்றது.

காலையில் முட்டை குளிர்ந்திருந்தது. ஜெனோவா நகத்தால் ஓட்டை உரித்தாள். முழுசாக வளர்ந்த குஞ்சு. கால்கள், நகங்கள், மூடிய இமைகள், எல்லாம் இருந்தன. அலகு பட்டிருந்த இடத்தில் ஓடு உள்பக்கம் தேய்ந்து காகிதம்போல் ஆகியிருந்தது. இன்னும் ஒரே ஒரு கொத்து.

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றான் செல்வின்.

ஜெனோவா அந்தக் குஞ்சைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மற்ற எட்டையும் அட்டைப்பெட்டிக்கு மாற்றினாள். தட்டில் தீனி தூவினாள். தண்ணீர்க் கிண்ணத்தில் குஞ்சுகள் மூழ்காதபடி கோலிக்குண்டுகளைப் போட்டாள்.

ஏழு குஞ்சுகள் தீனியில் விழுந்து புரண்டன. ஒன்று மட்டும் தட்டின் விளிம்பில் அசையாமல் நின்றது.

"ஏன் தின்னவில்லை?" என்று கேட்டது மூலைக்குஞ்சு.

"யாரோ பொறு என்று சொன்னதுபோல் இருந்தது."

மூலைக்குஞ்சு அதன் அருகே போய், தலையில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது.