மாலை கழற்றிய மறுநாள்

மலைக்குப் போய் வந்தவர்கள் பிள்ளையார் கோயிலில் வரிசையாக நின்று மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகத்தின் முறை வந்தது. அவர் கழுத்தை நீட்டவில்லை. துண்டால் கழுத்தைச் சுற்றிப் பொத்திக்கொண்டார்.

மாலை கழற்றுகிறவர் குருசாமி இசக்கிப்பாண்டி. பேருந்து நிலையத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பதைத் தொடவில்லை. நடக்கத் தெரியாத வயதிலேயே அப்பாவின் தோளில் ஏறிச் சபரிமலைக்குப் போகத் தொடங்கியவர், அதனால் முடி நரைப்பதற்கு முன்பே குருசாமி ஆகிவிட்டார். கோமதிநாயகம் மினி பஸ் டிரைவர், பேத்தி எடுத்தவர். ஆண்டுதோறும் இந்தச் சின்ன வயசுக்காரரிடம்தான் மாலை போட்டுக்கொள்கிறார்.

"கழுத்தைக் காட்டுங்க சாமி."

"எனக்கு மட்டும் விட்டுருங்க குருசாமி."

"விரதம் முடிஞ்சுட்டுல்லா?"

"மாலைக்கு முடிஞ்சுட்டு. எனக்கு முடியலை."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும். மாலை போட்டிருக்கும் வரை கோமதிநாயகம் பீடி பக்கம் திரும்ப மாட்டார். கழற்றிய அன்றைக்குச் சாயங்காலமே, விட்டதையெல்லாம் வட்டியும் முதலுமாகப் பிடித்துத் தீர்த்துவிடுவார். ஒரு வருஷம் வீடு போய்ச் சேரும் வரைகூடப் பொறுக்கவில்லை.

குருசாமி சிரிக்கவில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன விஷயம்?"

"மக மரகதம் பிரசவத்துக்கு வந்திருக்கால்லா. பிள்ளைக்கு மூச்சு இளைக்குது. புகை ஆகவே ஆகாது, சட்டையில வாடைகூட இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"சரி."

"மாலை போட்ட நாள்லேர்ந்து பிள்ளை என் தோள்லதான் தூங்குது. நேத்து நான் மலையிலேர்ந்து வந்து எறங்குனதும் மரகதம் சொல்லுதா, 'அப்பா, நீங்க மாலையைக் கழத்துன அன்னைக்கு நான் பிள்ளையைத் தூக்கிட்டு அவுக வீட்டுக்குப் போயிருதேன்'னு. சண்டை போட்டுச் சொல்லியிருந்தாப் பரவாயில்லை. துணியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டே சொல்லுதா."

கோமதிநாயகம் துண்டுக்குள் கையை விட்டு மாலையைத் தொட்டுக்கொண்டார்.

"மாலை கெடந்தா என் கை எனக்குக் கட்டுப்படுது. அதுல என்னமோ சக்தி இருக்கு. அதை எடுத்துட்டா நான் வெறும் ஆளு."

குருசாமி துண்டை மெல்ல விலக்கினார். பிறகு மந்திரம் சொல்லி, முறைப்படி மாலையைக் கழற்றினார். கழற்றியதை அவர் கையிலேயே கொடுத்தார்.

"சட்டைக்குள்ள போட்டுக்கிடுங்க. சக்தி இருந்தா உள்ள கெடந்தாலும் வேலை செய்யும். ஆனா ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

கோமதிநாயகத்துக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போய் மகளிடம், "நாலு நாள் பொறும்மா" என்றார். மரகதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பையைப் பிரிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

மறுநாள் காக்கி உடுப்பில் பேருந்து நிலையத்துக்குப் போனார். மைதீன் பாய் டீக்கடையில் கூட்டமாக இருந்தது. பாய் இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க அண்ணாச்சி, மலையில நல்ல தரிசனமா?" என்றார். நேற்று வரை சாமி. இன்றைக்கு அண்ணாச்சி.

டீயைக் கொடுத்தார். கேட்காமலே பக்கத்தில் ஒரு பீடியும் வைத்தார். "இத்தனை நாள் வாயைக் கட்டிக் கெடந்திருக்கீங்க. இது நம்ம கணக்கு."

பாயைக் குறை சொல்ல முடியாது. பிரியத்தில் வைத்த பீடி அது. பிரியத்தில் வைப்பதை மறுப்பதுதான் கஷ்டம்.

இன்னொரு பஸ் டிரைவர் தவசி வந்து அவர் தோளில் கை போட்டான். கடைத் தூணில் பற்ற வைப்பதற்காக எப்போதும் ஒரு கயிறு கனன்றுகொண்டு தொங்கும். அதன் நுனியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். இரண்டு பேரும் தரிசனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பாதி பீடி போன பிறகுதான், சட்டைக்குள் மாலை கிடப்பது கோமதிநாயகத்துக்கு நினைவுக்கு வந்தது.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் பஞ்சர் கடையில் போய் நின்றார். குருசாமி ஒரு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"சக்தி போயிருச்சு குருசாமி."

"பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன். மாலை கெடக்கும்போதே பிடிச்சேன்."

மாலையைக் கழற்றி நீட்டினார். குருசாமி கையைத் துடைத்துக்கொண்டு மாலையை வாங்கி, ஐயப்பன் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

"இன்னைக்குக் கறுப்பு வேட்டி கட்டிட்டு வண்டி எடுங்க."

"மாலை?"

"அது இங்கன இருக்கட்டும். சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிடுங்க."

"பாக்குறவுக மாலை போட்டிருக்கேன்னு நினைப்பாகளே."

"நினைக்கட்டும்."

"பொய்யில்லையா அது?"

"ஒரு நாள் பொய்தான. ஐயப்பன் கேட்டா என் மேல சொல்லிருங்க."

கோமதிநாயகம் கறுப்பு வேட்டியோடு டீக்கடைக்குப் போனார். மைதீன் பாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்ன சாமி, மறுபடியுமா? மகரவிளக்குக்கா?" கோமதிநாயகம் இருமி வைத்தார். இருமலை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பாய் ஒரு கண்ணாடி டம்ளரைத் தனியாக வெந்நீரில் அலசினார். தவசி பீடியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவன் தலைக்கு மேல் புகை எழும்பியது. "சாமி, நீங்க குடிங்க, நான் அந்தப் பக்கம் போயிட்டு வாரேன்" என்று நழுவினான்.

பஸ்ஸிலும் அப்படித்தான். ஏறுகிறவர்கள் சாமி என்றார்கள், இறங்குகிறவர்கள் சாமி என்றார்கள். ஒரு பூக்காரம்மா ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு முழம் பூவைச் சுற்றி வைத்தாள். சாயங்காலம் கடைசி டிரிப் முடிந்து வியர்வைக்குச் சட்டைப் பித்தானைத் திறந்தார். கை பழக்கத்தில் மாலையைத் தொடப் போனது. கழுத்து வெறுமையாக இருந்தது. வண்டியை எடுத்த பிறகு மாலை இல்லாதது அவருக்கு நினைவே வரவில்லை.

நேரே பஞ்சர் கடைக்கு நடந்தார்.

"நேத்து மாலை கெடந்துச்சு, பிடிச்சீங்க" என்றார் குருசாமி. "இன்னைக்கு?"

"பிடிக்கலை."

"பீடி நெனப்பு வந்துச்சா?"

"வந்துச்சு. வராம என்ன? பாய் டம்ளரைக் கழுவுதாரு, தவசி பீடியை ஒளிக்கான். அவங்களுக்கு முன்னால எப்படிக் கையை நீட்டுறது?" கோமதிநாயகம் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார். "அப்போ இத்தனை வருஷமும் என்னைத் தடுத்தது பாயும் தவசியுமா?"

"அவங்க கிட்டயே போய்க் கேப்போம், வாங்க."

கோமதிநாயகம் நகரவில்லை. முகம் இறுகிவிட்டது.

"பீடியை விடப் போறேன், எல்லாரும் எனக்கு உதவி செய்யுங்கன்னு ஊர்க்காரன் கிட்ட நிக்கச் சொல்லுதீங்களா? இந்த வயசுல? நாளைக்கு முடியாமப் போச்சுன்னா வண்டி போற வழியெல்லாம் சிரிப்பானுக."

"மாலையை எங்க வச்சுப் போட்டீங்க?"

"கோயில்ல வச்சு."

"யாரு இருந்தா?"

"ஊரே இருந்துச்சு."

"மாலையை ஊரைக் கூட்டி வச்சுப் போடுதீங்க. பீடியை மட்டும் ஏன் ஒளிச்சு ஒளிச்சு விடுதீங்க?"

 கோமதிநாயகம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குருசாமிக்கு முன்னால் நடந்தார்.

டீக்கடையில் தவசி இருந்தான். இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். கோமதிநாயகம் சட்டைப் பித்தானைத் திறந்து கழுத்தைக் காட்டினார்.

"மைதீன் பாய், வேட்டிதான் கறுப்பு. மாலை இல்லை."

பாய் பாலை ஆற்றுவதை நிறுத்தினார்.

"பேத்திக்கு மூச்சு இளைக்குது. நான் பீடியை விடணும். தனியா என்னால முடியலை." அவ்வளவுதான் சொல்ல வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். "முடியாமப் போனா சிரிக்காதீங்க."

தவசி சிரித்தான். கோமதிநாயகத்தின் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், "அதுக்கு இல்ல அண்ணாச்சி. இதைச் சொல்ல இத்தனை வருஷமா?" என்றான்.

 மைதீன் பாய் தூணில் கனன்றுகொண்டிருந்த கயிற்றை இழுத்து, டம்ளர் கழுவுகிற வாளிக்குள் நுனியை முக்கினார். சுர்ரென்று அணைந்தது. வாயில் பீடியை வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தர் திகைத்துப்போனார்.

"பாய், தீக்கு நான் எங்க போறது?"

"அடுத்த கடைக்குப் போங்க. இங்கன சாமி டீ குடிக்காங்க."

கோமதிநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, பாய் நீட்டிய கொதிக்கிற டீயை அப்படியே வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டார். குருசாமி எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"அவரு மாலையைக் கழத்தியாச்சு. நீங்க யாரும் அவருக்குக் கழத்திராதீங்க, சாமின்னே கூப்பிடுங்க."

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. வேட்டி போய்க் காக்கி வந்தது. வீட்டில் மீன் குழம்பும் வந்தது. பெயர் மட்டும் சாமியாகவே நின்றுவிட்டது. மார்கழி போய், தை போய், மாசியிலும் சாமிதான். கருவாட்டுக் கூடையோடு ஏறுகிற அம்மாகூட, "சாமி, கூடை மேல இடிச்சிராதீங்க" என்றாள். வெளியூர்க்காரர் ஒருவர், இந்த ஊரில் கோயில் பூசாரியே பஸ் ஓட்டுகிறார் என்று எண்ணி விபூதி கேட்டார்.

விடுவது ஒன்றும் லேசாக இல்லை. முதல் வாரம் ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். தவசியை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவன் அத்தனையும் கேட்டுக்கொண்டு பொரிகடலைப் பொட்டலத்தை அவர் பையில் திணித்தான். தான் பீடி பிடிக்க ஒவ்வொரு தடவையும் பேருந்து நிலையத்தின் அந்தக் கோடிக்கு நடக்க வேண்டியிருந்ததால், நடக்கச் சோம்பல்பட்டே அவனுக்குப் பாதி குறைந்துவிட்டது.

வீட்டில் மரகதம் தினமும் அவர் உள்ளங்கையை எடுத்து மோந்து பார்ப்பாள். பிறகுதான் பிள்ளையைக் கொடுப்பாள். ஒருநாள் சாயங்காலம் அவர் வந்தபோது அந்தப் பை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மரகதம் கையை மோந்து பார்க்காமலே பிள்ளையை அவர் தோளில் போட்டாள். பிள்ளை அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனது. கோமதிநாயகம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் அவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்தார். பிள்ளை டயர்களைப் பார்த்து உற்சாகமாகக் கத்தியது. அவர் முகம்தான் சரியில்லை.

"ஒரு சந்தேகம் குருசாமி."

"கேளுங்க."

"நேத்து கல்யாண டிரிப். தெரியாத ஊரு. அங்க நான் டிரைவர், அவ்வளவுதான். என்னைச் சாமின்னு சொல்ல ஆள் இல்லை. கடையில ஒரு பீடி வாங்கிட்டேன். மண்டபத்துக்குப் பின்னால போய் வாயில வச்சு, தீக்குச்சியும் உரசிட்டேன்."

"பெறகு?"

"நம்ம கண்டக்டர் வண்டியில நின்னு 'சாமி, ஆள் ஏறியாச்சு'ன்னு சத்தம் போட்டாரு. திரும்பிட்டேன். பீடியைக் கீழ போட்டு மிதிச்சிட்டு வந்துட்டேன்."

"நல்லதுதான?"

"என்ன நல்லது? பாய் கயித்தை அணைக்காரு, தவசி தூரமாப் போறான், மரகதம் கையை மோந்து பாத்தா, கண்டக்டர் கூப்பிடுதாரு. எல்லாரும் சேர்ந்து என்னைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்காங்க. நான் விட்டேன், நான் விட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன். இதுல நான் செஞ்சது என்ன?"

குருசாமி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். அது அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"கண்டக்டருக்கு நீங்க பீடி வச்சிருந்தது தெரியுமா?"

"தெரியாது. நான் மறைவுலல்லா நின்னேன். அவரு கெளம்பத்தான் கூப்பிட்டாரு."

"ஒரு நிமிசம் நின்னு பிடிச்சு முடிச்சிட்டுப் போயிருந்தா?"

"ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"கூப்பிடுற வரைக்கும்தான் ஊரால முடியும் சாமி," என்றார் குருசாமி. "திரும்புனது நீங்கல்லா."