முழங்கையில் சொட்டிய மழை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், இன்றைக்கு நான் தின்னும் மீனின் முள் அத்தனையும் என் தொண்டையிலேயே நிற்கட்டும். சந்தேகம் இருந்தால் நண்டுத்துறைக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பார்கள். அவ்வளவு அவசரமாக மறுக்கிறார்களே, அதுவே சாட்சி.

குமரிக்குக் கிழக்கே, கடலுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் ஒரே ஒரு மணல் தெரு உள்ள ஊர் அது. அங்கே மார்கழி மழை மேலிருந்து விழாது. பக்கவாட்டில் வரும், உப்பையும் கூட்டிக்கொண்டு. ஒரு வருஷம் சாளை மீன்கள் அந்த மழையில் நீந்திக் கோபுரப் படி ஏறி, மணிக்கயிற்றில் தொங்கின. அன்றைக்குப் பூசைக்கு மணியடித்தது அவைதான்.

அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு விளக்கு கட்டுகிறவள் பிலோமி. நாற்பது வயதுக்காரி. எந்த மழையிலும் அவள் கட்டிய விளக்கு அணைந்ததில்லை. அதனால் ஊரே அவளை ஆசான் என்றது. அவளுக்கு ஒரே சீடன், இஞ்ஞாசி. வயதில் அவளுக்கு அண்ணன்போல. முட்டிவலி வந்து படகை விட்டுக் கரையேறிய ஆள். அவன் அவளை ஆசானே என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

போன கிறிஸ்துமஸில் கோபுர நட்சத்திரத்துக்கு வயர் இணைத்தது இஞ்ஞாசிதான். பாலன் சுரூபத்தைக் குடிலில் வைக்கிற நேரம் பார்த்து நட்சத்திரம் அணைந்தது. அந்த இருட்டுக்குள் நின்றுகொண்டே கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சந்தியாகு பெயர் வைத்துவிட்டான்: இருட்டு இஞ்ஞாசி.

நண்டுத்துறையில் பட்டப்பெயருக்கு ஒரு சட்டம் உண்டு. வைத்ததிலிருந்து அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அது கேலி. அதையும் தாண்டிவிட்டால் வீட்டுப்பெயர். எந்தக் காலத்திலோ ஒருவன் பூனையைத் தூக்கிக்கொண்டு பூசைக்கு வந்தான். இன்றைக்கும் அது பூனைதூக்கி வீடு. அந்த வீட்டுப் பையன் ஒருவன் துபாயில் இன்ஜினியர். அங்கேயும் பூனைதூக்கிதான்.

தை மாதம் இஞ்ஞாசியின் மகள் செலினுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் ஓலை வாசிப்பார். ஊரில் இஞ்ஞாசிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் வீட்டுப்பெயர் சேர்த்துத்தான் வாசித்தாக வேண்டும். இருட்டு இஞ்ஞாசியின் மகள் செலின் என்று, மாப்பிள்ளை வீட்டார் காது குளிர.

அதை நினைத்தால் இஞ்ஞாசிக்குச் சோறு இறங்காது. நேரே பிலோமியிடம் போய் நின்றான்.

"இந்த வருஷமும் நட்சத்திரம் எனக்குத்தான் ஆசானே. விடமாட்டேன்."

"யாரு விடச் சொன்னா?"

"ஜாயிண்டுக்குள்ளே தண்ணி போகாம இருக்க என்ன வழி? அதைச் சொல்லு."

"ஒண்ணு கட்டிக்கிட்டு வாங்க அண்ணே. பார்ப்போம்."

பிலோமியிடம் ஒரு வழக்கம். எந்த இணைப்பும் கரண்டைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கரண்டு கொடுக்காமல் தொங்கவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவாள். ஞானஸ்நானம் என்பாள். பிறகு கத்தியால் கீறிப் பார்ப்பாள். உள்ளே ஈரம் இருந்தால் அது மறுபடியும் பிறந்து வரவேண்டியதுதான்.

இஞ்ஞாசி முற்றத்தில் நின்று கட்டி, இழுத்து இறுக்கி, ஓடிவந்து நீட்டினான். பிலோமி வாளியைத் தொடவில்லை. கத்தியை எடுத்துக் கீறினாள். உள்ளே இருந்து தண்ணீர் வழிந்தது.

"ஆசானே, இன்னும் ஊத்தவே இல்லையே!"

"இல்லை."

"அப்போ இது எந்தத் தண்ணி?"

"கட்டும்போது மழையா?"

"மழையா? சும்மா தூறல்."

"அந்தத் தூறலை உள்ளே வச்சு, தப்பிச்சுப் போயிடாம நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

இஞ்ஞாசிக்குப் போன வருஷம் கண்முன் வந்தது. அன்றைக்கும் கொட்டுகிற மழையில்தான், கோபுரத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். நேராக வீட்டுக்குப் போனான்.

இந்த முறை கதவைச் சாத்தி, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டினான். டேப் சுற்றினான். அதன்மேல் சைக்கிள் ட்யூப். அதன்மேல் மெழுகு. படகுக்கு அடிக்கிற தார். மறுபடியும் டேப். கடைசியில் அது ஒரு பலாப்பழம் அளவுக்கு வந்தது. தோளில் வைத்துத் தெருவில் கொண்டுபோகும்போது, கல்யாணச் சமையல்காரர் ஒருவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கத்தியோடு பின்னாலேயே வந்தார். சுளை எத்தனை தேறும் என்று அவருக்குக் கவலை.

பிலோமி அதைக் கோபுரச் சுவரில் தொங்கவிட்டாள். மேலிருந்து வரும் வயரை நேராக அதன் உச்சியில் இறக்கினாள். மழை ஓயும்வரை விட்டுவைத்தாள். ஓய்ந்ததும் இறக்கி அறுத்தாள். ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு ஓர் இறாலும் வந்தது. உயிரோடு, மீசையை ஆட்டிக்கொண்டு.

இஞ்ஞாசி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இத்தனை சுத்து சுத்தினேனே! எதை உடைச்சுக்கிட்டு வந்துது இது?"

"ஒண்ணையும் உடைக்கலை. வயரைப் பிடிச்சு இறங்கி வந்திருக்கு."

"அதையும் சுத்தறேன். கடைசி வரைக்கும் சுத்தறேன். இந்த மழையா நானா, பார்த்துடுறேன்."

"டேப்பு முடிஞ்சுடும் அண்ணே. மழை முடியாது."

"அப்போ சொல்லித் தாயேன்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா உன் முத்தா உதிர்ந்துடும்?"

பிலோமி வாயைத் திறக்கவில்லை. வெளியே அடுத்த மழை பிடித்திருந்தது. அவன் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

"கையை மேலே தூக்குங்க. நட்சத்திரத்தைத் தொடுற மாதிரி."

தூக்கினான். விரலில் விழுந்த மழை மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைக்குள் நுழைந்து, கக்கம் வரைக்கும் குளிரக் குளிர இறங்கியது. இஞ்ஞாசி நெளிந்தான்.

"எங்கே போகுது?"

"போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகுது!"

"இப்போ துடுப்பு போடுற மாதிரி பிடிங்க."

கை தானாக மடங்கியது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! முழங்கை தாழ்ந்தது. விரலில் விழுந்த மழை முன்கை வழியாக ஓடிவந்தது, முழங்கையில் நின்றது, அங்கிருந்து மண்ணில் சொட்டியது. கக்கத்துக்கு ஒரு துளி ஏறவில்லை.

"இப்போ?"

இஞ்ஞாசி கையை இறக்கவில்லை. முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிலோமி உள்ளே போய்க் காப்பி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவிவைத்தாள். அவன் அப்போதும் நின்றுகொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், திருவிழிப்பு நாள், வந்தது. நட்சத்திரம் பொழுது சாயும்போது ஏற வேண்டும். இஞ்ஞாசி முட்டிவலியோடு கோபுரத்தில் ஏறினான். சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் காய்ந்த வேட்டித் துணி வைத்திருந்தான். மேலே போய்த் தலையோடு தார்ப்பாயைப் போர்த்துக்கொண்டு, வயர் முனைகளைத் துடைக்க ஆரம்பித்தான். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

கீழே ஊரே அண்ணாந்து நின்றது. சந்தியாகு கையைக் குவித்துக் கத்தினான்.

"என்னவே, பிள்ளைக்குத் தலை துவட்டுதீரா? மழை வருது, கட்டும்வே!"

இஞ்ஞாசி துடைத்தான்.

"இந்த வருஷமும் இருட்டுத்தானா?"

இஞ்ஞாசி தன் கையைத் துடைத்தான். முதல் துளி தார்ப்பாயில் விழுந்தது. டேப்பை நோக்கிக் கை போனது. இப்போதே இறுக்கிவிடு என்று போன வருஷத்துக் கை சொன்னது. அவன் வயரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். ஈரம் இன்னும் குளிர்ந்தது. மறுபடியும் துடைத்தான். கன்னத்தில் குளிராமல் ஆன பிறகுதான் டேப்பை எடுத்தான்.

கூரை வேய்கிற மாதிரி கீழிருந்து மேலாகச் சுற்றினான். மேலிருந்து வந்த வயரை நேராக விடாமல், இணைப்புக்குக் கீழே ஒரு சாண் தாழ இறக்கி, வளைத்து, அடிப்பக்கமாக மேலேற்றினான். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைத் தொப்பிபோலக் கவிழ்த்துக் கட்டினான். அதன் வாயை மூடவில்லை.

பிலோமி வாளியோடு மேலே வந்தாள். மழைதான் கொட்டுகிறதே என்று வழக்கத்தை விடுகிறவள் அல்ல அவள். முழு வாளியையும் பாட்டில் தலையில் கவிழ்த்தாள். கத்தியை எடுக்கவில்லை. இணைப்பைப் பார்க்கவும் இல்லை. குனிந்து, வயர் தாழ்ந்து வளைந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே துளி சேர்ந்தது. சொட்டியது. மறுபடி சேர்ந்தது. சொட்டியது.

கீழே குனிந்து, "கரண்டைப் போடுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

நட்சத்திரம் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கடலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த நண்டுகள் விடிந்துவிட்டது என்று கரையேறி, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டன. மழை பக்கவாட்டில் வந்து அடித்தது. நட்சத்திரம் ஒரு கண்கூடச் சிமிட்டவில்லை.

கீழே சந்தியாகுவால் சந்தோஷம் தாங்க முடியவில்லை. தலையில் இருந்த துண்டைச் சுழற்றிக்கொண்டு கத்தினான்.

"ஏலே, பாருங்கலே! இருட்டு இஞ்ஞாசியோட நட்சத்திரம் எரியுதுலே!"

ஊரும் சேர்ந்துகொண்டது. இருட்டு இஞ்ஞாசி! இருட்டு இஞ்ஞாசி! அவ்வளவும் பாசம்.

இஞ்ஞாசியின் முகம் தொங்கிப்போனது. கோபுரத்து இரும்புக் கம்பியைத் தலைக்குமேல் எட்டிப் பிடித்துக்கொண்டு, நட்சத்திரத்தின் வெளிச்சத்திலேயே நனைந்தபடி நின்றான்.

"நட்சத்திரம் எரிஞ்சும் போகலையே ஆசானே, இந்தப் பேரு. ஓலை வாசிக்கையிலேயும் இதுதான் வரும்." அவன் குனிந்து கீழே கூட்டத்தைப் பார்த்தான். "ஜாயிண்டைக் காப்பாத்திட்டேன். இந்தச் சத்தம் உள்ளே போகாம இருக்க எதைச் சுத்தணும்? அதைச் சொல்லு."

பிலோமி காலி வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு படியில் ஒரு கால் வைத்தாள். கீழே ஊர் கத்திக்கொண்டே இருந்தது. அவள் திரும்பி, அவன் தூக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"முழங்கையைத் தாழ்த்துங்க அண்ணே."

இஞ்ஞாசி கம்பியை விட்டான். முழங்கை தாழ்ந்தது; ஊர் கத்தக் கத்த, மழை அங்கிருந்து சொட்டிப் போனது.

இதை உங்களுக்கு யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். நண்டுத்துறையில் எனக்கு இன்னும் பட்டப்பெயர் வைக்கவில்லை. கிறிஸ்துமஸும் கிட்டே வந்துகொண்டிருக்கிறது.