கூப்பிடுகிற எழுத்து

பாளையங்கோட்டையில் நோட்டீஸ், போஸ்டர் அடித்துக்கொடுக்கும் டிடிபி கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் தொழில் படிக்க வந்த அருமைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், வேறென்ன செய்வார்? வெட்கம் பார்த்தால் வயிறு கேட்குமா?

கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துவகைமேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். தடித்த உடம்பு, கோடுகளின் நுனியில் சின்னச் சின்னப் பாதம், காற்றடிக்கும்போது பனை நிற்குமே, அப்படி வலப்பக்கம் ஒரு சாய்வு. திறப்புவிழாவா, அதைத்தான் போடுவார். நாய்க்குட்டியைக் காணவில்லையா, அதற்கும் அதுதான். ஜெசிந்தா தலையில் அடித்துக்கொள்வாள்.

“பின்னே இந்த எழுத்து எதுக்குத்தான் டீச்சர்?” என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

“போறவங்களைக் கூப்பிட்டுத் திரும்பிப் பாக்க வைக்க, அண்ணாச்சி. ஒரு தாளுக்கு ஒரு கூப்பாடு போதும்.”

தலையை ஆட்டிக்கொண்டார். மண்டையில் ஏறியதாகத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் தம்பி தேவசகாயம் இறந்துபோனான். பொதுச்சுவர் ஒன்றுக்காக இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தம்பி வீம்பை விட்டு வந்து, வாசலில் நின்று, “அண்ணே, அண்ணே” என்று கூப்பிட்டான். இவர் உள்ளேதான் இருந்தார். வாய் திறக்கவில்லை. அதே தெருவில் குடியிருக்கும் ஜெசிந்தாவுக்கும் அந்தக் குரல் கேட்டது.

துக்க வீட்டுக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. நேரே கடைக்கு வந்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க உட்கார்ந்துவிட்டார். தான் அழுவது ஊருக்குத் தெரியவேண்டும், செத்தவனுக்கும் எப்படியாவது தெரியவேண்டும். பேர், தேதி, அடக்க நேரம், ‘ஆறாத் துயரில் வாடும் அண்ணன்’, அத்தனையும் அந்தத் தடித்த சாய்ந்த எழுத்தில்.

ஜெசிந்தா வாசிக்கச் சொன்னாள். மைக்கில் அறிவிக்கிற மாதிரி மளமளவென்று வாசித்துக்கொண்டே வந்தவர், ‘அண்ணன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். தம்பி பேர் நிமிர்ந்து மெலிந்தது. பிறகு தேதி, பிறகு நேரம். ஒவ்வொன்றாகச் சாதாரண எழுத்தாகிக்கொண்டே வந்தது. கடைசி வரிக்கு வந்தபோது அவர் அவள் கையைத் தடுத்தார்.

“‘அண்ணன்’ங்கிற அந்த ஒரு சொல்லாவது இருக்கட்டும் டீச்சர். இன்னும் தடிப்பாப் போடுங்க. அவனுக்குக் கேக்கணும்.”

ஜெசிந்தா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னைக்கு உங்க வாசல்ல நின்னு அவரு கூப்பிட்டாரே, அண்ணாச்சி. அதைவிடத் தடிச்ச எழுத்து எங்கிட்ட இல்ல.”

அருமைநாயகம் தடுத்த கையை எடுத்துக்கொண்டார்.