மூன்று பால்வாடிக்கும் முதல் இடம்

ஒரு காட்டில் மூன்று பால்வாடிகள் இருந்தன. மூன்றும் காட்டு மன்றத்தின் இலவசப் பால்வாடிகள். பாறையடியில் ஆமை டீச்சர். மூங்கில் தோப்பில் காடை டீச்சர். ஓடைக்கரையில் முள்ளம்பன்றி டீச்சர்.

ஓடைக்கரைப் பால்வாடியின் கூரை ஒழுகும். போன மழையில் நனைந்து இருமிய குட்டிகளில் பாதி வராமல் நின்றுவிட்டன. வெளியே சொன்னால் கேவலம் என்று முள்ளம்பன்றி வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் காடை முள்ளம்பன்றியிடம் பறந்து வந்தது.

"நாளைக்கு மன்றத்துக் கரடி வர்றாராம். மூணு பால்வாடியையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போறாராம்."

"எதுக்கு?"

"வேற எதுக்கு? மட்டமா இருக்கிறதை மூடத்தான்."

முள்ளம்பன்றி அதை அப்படியே நம்பிவிட்டது. இரண்டும் ஆமையிடம் ஓடின. அங்கே வருவதே ஆறு குட்டிகள்தான். ஆமையும் பயந்துபோனது. மூன்று பால்வாடிக் குட்டிகளையும் ஒன்றுசேர்த்து, கரடி போகும் இடமெல்லாம் காட்டிவிடலாம் என்று முடிவானது.

மறுநாள் காலை கரடி பாறையடிக்கு வந்தது. இருபது குட்டிகள் உட்கார்ந்து பாடின. கரடி இலந்தைப் பழம் பொறுக்கித் தின்றபடி மெதுவாக நடந்தது. அதற்குள் குட்டிகள் குறுக்கு வழியில் மூங்கில் தோப்புக்கு ஓடின. அங்கேயும் இருபது. அப்புறம் ஓடைக்கரை. அதற்குள் முயல்குட்டி களைத்துப்போய் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது.

கூரை மேல் முள்ளம்பன்றி தேக்கிலைகளைப் பரப்பி வைத்திருந்தது.

"கூரை எப்படி, டீச்சர்?" என்றது கரடி.

"நல்லா இருக்குங்க ஐயா."

"மழைக்கு ஒழுகாதே?"

"ஒரு சொட்டு விழாதுங்க."

"வேற எதாவது குறை?"

"ஒண்ணும் இல்லைங்க."

கரடி சலித்துப்போய் உட்கார்ந்தது.

"காலையிலேர்ந்து மூணு இடத்திலும் இதே பதில். ஒருத்தராவது ஒரு குறை சொல்லக் கூடாதா? ஒரு கூரைக்கு ஆகிற புல் வந்திருக்கு. எங்கே ரொம்பத் தேவையோ அங்கே வேயச் சொன்னாங்க. மூணுக்கும் முதல் இடம்னா நான் யாருக்குக் கொடுக்கிறது? மன்றக் கொட்டகைக்கே போட்டுக்கிறோம்."

முள்ளம்பன்றிக்கு நாக்கு வரைக்கும் உண்மை வந்தது. சொன்னால் குட்டிகளை ஓடவிட்டதும் வெளியே வரும். விழுங்கிக்கொண்டது. கரடி போய்விட்டது.

முள்ளம்பன்றி நேராகக் காடையிடம் போனது.

"மூடுவாங்கன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானா நினைச்சுக்கிட்டேன்."

"நீயா நினைச்சுக்கிட்டியா?" முள்ளம்பன்றியின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. ஆனால் யாரைக் குத்துவது? கேட்டதும் நம்பி ஓடியது அதுதானே.

பத்தே நாளில் மழை பிடித்தது. தேக்கிலைகள் அடித்துக்கொண்டு போயின. குட்டிகள் ஈரம் படாத ஒரே மூலையில் ஒண்டி நின்றன. சுண்டெலிக்குட்டி இருமி இருமிச் சுருண்டது. அதற்கு மேல் முள்ளம்பன்றியால் தாங்க முடியவில்லை. கொட்டும் மழையில் மன்றத்துக்கு நடந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

புதுக்கூரையின் கீழ் உட்கார்ந்திருந்த கரடி தலையில் கை வைத்துக்கொண்டது.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டீச்சர். இனிமே தை மாசம்தான் புல் அறுப்பாங்க. அதுவரைக்கும் குட்டிகளை நனைய விட முடியாது."

அன்று மாலையே ஓடைக்கரைப் பால்வாடியை மூடிவிட்டார்கள்.

உள்ள குறையை மறைத்து நல்ல பெயர் வாங்குகிறவர், அந்தக் குறையைத் தீர்க்க வந்த உதவியைத் தாமே திருப்பி அனுப்பிவிடுகிறார்.