சண்டைக்காரரை அடையாளம் காட்டியவள்

மாவூற்று ஜமீன்தார் வல்லபூபதி தம்பியோடு பேசி மூன்று வருஷமாகிறது. அந்தக் கோபத்தில் கால்வாய் மடையையும் அடைத்துவிட்டார். தம்பி வயலோடு கீழூர்க்காரர்களின் நாற்றும் கருகியது. தோப்பு கூட்டும் சடைச்சியின் நாற்றும் அதில் போனது.

ஒருநாள் காலை தோப்பில் இரண்டு கடுவன் குரங்குகள் கட்டிப் புரண்டு கடித்துக்கொண்டதில் ஜமீன்தாரின் பூஜைத் தட்டு கவிழ்ந்தது. அவர் துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு உறுமினார்.

“சடைச்சி, சண்டை போட்ட ரெண்டையும் காட்டு. தப்பாகக் காட்டினால் உனக்கு இங்கே வேலை கிடையாது.”

துப்பாக்கி வருவதற்குள் குரங்குக் கூட்டம் மரத்தடியில் அமர்ந்துவிட்டது. சடைச்சி இரண்டைக் காட்டினாள். ஒன்று மற்றதன் முதுகில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னிடமே பொய்யா? சண்டை போட்டவன் பக்கத்தில் எவன் உட்காருவான்?”

“கடிபட்டது காதுல ரத்தம் இன்னும் காயலை, பாருங்க சாமி. கடிச்சதுதான் பேன் பாக்குது. அதுங்க சண்டை முடிஞ்சுபோச்சு. சண்டைக்காரரைத்தான் காட்டணும்னா, இந்தத் தோப்புல நீங்க ஒருத்தர்தான் நிக்கிறீங்க.”

வேலையாட்கள் தரையைப் பார்த்தார்கள். ஜமீன்தார் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

“வெளியே போ. இனி இந்தப் பக்கம் வராதே.”

“வரலைங்க. மடையை அடைக்காம இருந்திருந்தா இந்த விளக்குமாத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.”

அதை அவர் காலடியில் எறிந்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை கால்வாயில் தண்ணீர் வரக் கண்டு கீழூரார் மடைக்கு ஓடினார்கள். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் முறைத்தபடி, ஆளுக்கொரு பக்கமாக மடைப்பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.