எட்டு நாள் இல்லாத சொல்

கொரியாவில் ஒரு மலை மடம். அங்கே பன்னிரண்டு பெண் துறவிகள். ஒருவரையொருவர் 'சுனிம்' என்று மரியாதையாக அழைத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருடமாக குழம்புக்கான சோயா பயறு உப்புநீரில் ஊறும் மடத்து ஜாடிகளுக்குப் பொறுப்பு தொக்ஜின் சுனிம். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று.

அழுது முடித்த மறுநாள் குருவிடம் போனார். குரு சோவுன் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

"ஒரே ஒரு வேண்டுகோள். என் காது கேட்க யாரும் 'பார்' என்று சொல்லக்கூடாது. நெஞ்சில் குத்துகிறது."

"சரி" என்றார் குரு. ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. சாயங்காலமே சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் உத்தரவு ஒட்டியாயிற்று.

ஒரு சொல்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் இந்த விஷயத்தில் கொரியாக்காரர்களும் நம்மைப் போலத்தான். சாப்பிட்டுப் பார்ப்பார்கள், கேட்டுப் பார்ப்பார்கள், கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். நம்மையும் மிஞ்சி, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லக்கூட அவர்களுக்கு அந்தச் சொல் வேண்டும்.

சமையலறைப் பொறுப்பாளர் மியோயோன் புது முள்ளங்கி ஊறுகாயோடு வந்து நின்றார். "தொக்ஜின் சுனிம், இதைக் கொஞ்சம் தின்று... இதை வாயில் வைத்து..." அதற்கு மேல் வாய் வரவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிப்போனார்.

மூன்றாம் நாள் முதல், தொக்ஜின் நுழைந்தால் கூடம் கப்சிப். எதற்கு வம்பு என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். தொக்ஜினுக்குக் கேட்டதெல்லாம் பேச்சு நிற்கும் சத்தம்தான். என்னை இவர்கள் தலைமுழுகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு பார்வை போனதைவிட அதிகமாக வலித்தது.

எட்டாம் நாள் காலை மூட்டை கட்டினார். நகரத்தில் தங்கை மகள் இருக்கிறாள். ஒரு மூலை தராமலா போவாள்?

அன்று சோயா ஊறப்போடும் நாள். குரு ஜாடி மேடையில் இருந்தார். தடவித் தடவி அங்கே போய்ச் சேர்ந்தார் தொக்ஜின்.

"விடைபெற வந்தேன். நான் நிறுத்தச் சொன்னது ஒரு சொல்லை. எல்லோரும் பேச்சையே ஏன் நிறுத்தினார்கள்?"

குரு ஜாடியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆதியில் அந்தச் சொல்லுக்குக் கண்ணோடு மட்டும்தான் வேலை. பிறகு யாரோ அதை நாக்குக்குத் துணையாகக் கூப்பிட்டார்கள். பிறகு கைக்கு. பிறகு காதுக்கு. போகப் போகத் தன் சொந்த அர்த்தத்தை வழியில் விட்டுவிட்டது. இப்போது மற்றச் சொற்களுக்குப் பின்னால் நின்று, 'ஒருமுறை செய்துதான்...' என்று தைரியம் சொல்கிறது. நீங்கள் நிறுத்தியது கண்ணின் சொல்லை இல்லை, தொக்ஜின் சுனிம்."

"தேய்ந்துபோன சொல் என்கிறீர்கள். என்னைப் போல."

"தேய்ந்ததுதான்" என்றார் குரு.

அப்போது மியோயோன் முட்டையோடு வந்தார். முட்டை தின்னாத அந்த மடத்துக்கு வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு முட்டை வரும். உப்புநீரில் மிதக்கவிட்டால் அதன் தலை ஒரு காசு அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். குறைந்தால் சோயா கெட்டுப்போகும், மடத்துக்கு ஒரு வருடம் குழம்பு இல்லை. அந்த அளவைச் சொல்லி வந்தவர் தொக்ஜின் ஒருவர்தான்.

முட்டை நீரில் இறங்கியது. "சுனிம், இது சரியா என்று கொஞ்சம்..." மியோயோன் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

தொக்ஜின் மூட்டையைக் கீழே வைத்தார். கை தானாக நீண்டது. விரல் நீரின் மேலே ஊர்ந்து முட்டையின் தலையைக் கண்டுபிடித்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. விரலை நாக்கில் வைத்தார்.

"போதாது. இன்னும் இரண்டு கை உப்பு."

"இரண்டா? அவ்வளவு வேண்டுமா?"

"என்ன சந்தேகம்? நீங்களே நக்கிப் பாருங்கள்!"

மியோயோன் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. "எட்டு நாளாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது, சுனிம். அந்த முள்ளங்கியை இன்றைக்காவது தின்று பாருங்கள்" என்று சொல்லி, உப்பு அள்ள ஓடினார்.

தொக்ஜின் ஈரக் கையோடு நின்றார். குருவிடம் கேட்டார்: "சொந்த அர்த்தம் போன பிறகு அந்தச் சொல் எப்படிப் பிழைத்தது?"

"யார் கூப்பிட்டாலும் கூடப் போயிற்று" என்றார் குரு.

கீழே உப்பறையிலிருந்து மியோயோனின் குரல் வந்தது. "தொக்ஜின் சுனிம்! எந்த மூட்டை உப்பு? இங்கே வந்து பாருங்கள்!"

தொக்ஜின் படியைக் காலால் தடவி இறங்கினார். அவர் கட்டிய மூட்டை ஜாடியடியிலேயே கிடந்தது.